பூனைக்குக் கடிகாரம் கட்டியது யார்?

ஊர் அடங்கியதும் ஒரு சயாமியப் பூனை வெளியே கிளம்புகிறது. மதில்மேல் நடக்கிறது, குப்பைத்தொட்டியை மோந்து பார்க்கிறது, தனக்குச் சொந்தமான தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. வழியில் ஓர் ஆள் மீன் வாங்கிக்கொண்டு போகிறான். வாசனை பிடித்துப் பூனையும் பின்னாலேயே போகிறது. அவன் வங்கியைக் கொள்ளையடித்த இருவரில் ஒருவன். அவர்கள் பதுங்கியிருக்கும் அறையில் வங்கியின் பெண் ஊழியர் ஒருவர் பணயக்கைதியாக இருக்கிறார். கண்காணிப்பு கொஞ்சம் தளர்ந்த நேரத்தில் அவர் தன் கைக்கடிகாரத்தின் பின்புறம் 'ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் கீறத் தொடங்குகிறார். நான்காவது எழுத்துக்கு அவகாசமில்லை. மூன்றே எழுத்துகளோடு அதைப் பூனையின் கழுத்தில் மாட்டி அனுப்பிவிடுகிறார்.

1965 டிசம்பரில் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'தட் டார்ன் கேட்!' படத்தின் முடிச்சு இதுதான். பூனையின் பெயர் டி.சி. 'டார்ன் கேட்' என்பதன் சுருக்கம். பாழாய்ப்போன பூனை என்று வீட்டில் செல்லமாகத் திட்டுவோமே, அந்த மாதிரி. விடிந்ததும் அது வீடு திரும்புகிறது. பெற்றோர் வெளியூரில் இருக்க, அக்கா இங்கிரிட்டும் தங்கையும் மட்டும் இருக்கும் வீடு. கடிகாரத்தை முதலில் பார்ப்பவள் தங்கை. செய்தித்தாளில் படித்த கொள்ளையும் அரைகுறையாக நிற்கும் அந்த மூன்று எழுத்தும் அவள் மனதில் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. நேரே எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் போய்விடுகிறாள்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பூனைக்குக் கடைசிவரை எதுவுமே தெரியாது என்பது. அது பேசுவதில்லை, யாரையும் காப்பாற்ற நினைப்பதில்லை, திருடனைப் பார்த்துச் சீறுவதுமில்லை. அதற்கு மீன் வேண்டும், ஊர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். விலங்குகளை வைத்து எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான். நாயையோ குரங்கையோ மனிதர்போல் யோசிக்க வைத்து, கண்ணீர் விட வைத்து, கடைசியில் வில்லனையும் உதைக்க வைப்பார்கள். அங்கே விலங்கு காணாமல் போய், வேஷம் போட்ட மனிதன்தான் மிஞ்சுகிறான். டி.சி. பூனையாகவே இருக்கிறது. அதனால் அரசாங்கத்தின் புலனாய்வு இயந்திரம் முழுவதும் அதன் நடைக்கு ஏற்பத் தன் நடையை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. சிரிப்பு பிறக்கும் இடமே அதுதான்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வழக்கு, கெல்சோ என்ற அதிகாரியிடம் வருகிறது. பூனை பக்கத்தில் வந்தாலே அவருக்கு ஒவ்வாமை, அடுக்கடுக்காகத் தும்மல். ஆனால் ஆள் கடமை தவறாதவர். சந்தேக நபரைப் பின்தொடர்வதற்கு என்னென்ன நடைமுறை உண்டோ அத்தனையையும் பூனைக்கும் செய்கிறார். விரல்ரேகைக்குப் பதில் பாதத்தின் ரேகை. பிறகு இருட்டில் பின்தொடர ஒலிபரப்புக் கருவி. கோட்டும் டையும் அணிந்த அதிகாரிகள் புதருக்குள் குனிந்து, வேலி தாண்டி, திறந்தவெளித் திரையரங்கில் கார்களுக்கு நடுவே ஓடி, ஒரு பூனையின் இரவுப் பயணத்தைத் தொடர்கிறார்கள். பூனை அவசரப்படவே இல்லை. கெல்சோவாக நடித்த டீன் ஜோன்ஸ் ஓரிடத்தில்கூட நான் காமெடி செய்கிறேன் என்று முகத்தைச் சுளிப்பதில்லை. அந்த மனிதருக்கு இது ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அந்த நேர்மைதான் தும்மலுக்குக்கூட ஒரு மதிப்பைத் தருகிறது.

கதையின் மூலம் 1963-இல் வந்த 'அண்டர்கவர் கேட்' என்ற நாவல். எழுதியவர்கள் கணவன் மனைவி: கார்டன் கார்டன், மில்ட்ரெட் கார்டன். கணவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஃப்.பி.ஐ.யில் பணியாற்றியவர். அங்கே கோப்பு எப்படி நகரும், மேலதிகாரிக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதே தம்பதியின் இன்னொரு கதைதான் 1962-இல் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'எக்ஸ்பெரிமென்ட் இன் டெரர்'. அதிலும் ஒரு வங்கிப் பெண் ஊழியர், அவரை மிரட்டும் குற்றவாளி, ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரி, ஒரு தங்கை என்று ஏறக்குறைய இதே பாத்திரங்கள்தான். ஆனால் பார்க்கிறவர் முதுகு சில்லிடும்! பயத்தை எழுதத் தெரிந்த கை என்பதால்தான், சிரிப்புப் படத்திலும் அந்தப் பயத்தை அவர்கள் நீர்க்க விடவில்லை. நாவலாசிரியர்களோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் பில் வால்ஷ்.

பணயக்கைதியாக நடித்தவர் கிரேசன் ஹால். முந்தைய ஆண்டு வந்த 'த நைட் ஆஃப் த இகுவானா' படத்துக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். சில காட்சிகளே வருகிறார். அந்த அறைக்குள் கேமரா நுழையும்போதெல்லாம் படத்தின் சூடு மாறிவிடுகிறது. கொள்ளையர்களாக வரும் நெவில் பிராண்டும் ஃபிராங்க் கோர்ஷினும் கோமாளித் திருடர்கள் அல்ல. நெவில் பிராண்டின் குரலில் உண்மையான முரட்டுத்தனம் இருக்கிறது. வெளியே பூனையைத் துரத்தி எல்லோரும் தடுக்கி விழ, உள்ளே ஒருத்தி தன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் பிணைத்ததுதான் இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சனின் சாமர்த்தியம். 'மேரி பாப்பின்ஸ்' இயக்கியவரும் அவரே.

அக்கம்பக்கத்தாரைச் சொல்லாமல் விடக்கூடாது. எந்நேரமும் ஜன்னல் திரையை விலக்கி அடுத்த வீட்டை வேவு பார்க்கும் மிசஸ் மெக்டூகலாக எல்சா லான்செஸ்டர். 1935-இல் ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகளாக வந்து உலகை மிரட்டியவர், இங்கே வம்புக்கு அலையும் அம்மாளாக அமர்க்களப்படுத்துகிறார். கல்யாணமாகாத பெண்கள் இருக்கும் வீட்டில் ராத்திரியில் அந்நிய ஆண் நடமாட்டம் என்றால் அவருக்குத் தூக்கம் வருமா? ரகசிய விசாரணை என்று எஃப்.பி.ஐ. பொத்திப் பொத்தி வைக்கும் எல்லாமே அந்த ஒரு ஜன்னலுக்குத் தெரிந்துவிடுகிறது. ரோடி மெக்டவல் நடித்த கிரெகரிக்கோ பூனைமேல் தீராத பகை. சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாத்தை அது தூக்கிக்கொண்டு போய்விட்டதே! உளவுத்துறை நம்பிக்கை இழந்து விலகும்போது தங்கை துணைக்குப் பிடிக்கும் நகைக்கடைக்காரராக எட் வின் வருகிறார். சின்ன வேடம்தான், ஆனால் குழந்தைகள் அவரை மறக்க மாட்டார்கள்.

இனி நாயகன். 1955-இல் இதே டிஸ்னி நிறுவனம் 'லேடி அண்ட் த டிராம்ப்' கார்ட்டூனில் இரண்டு சயாமியப் பூனைகளைக் கபடக்காரர்களாகக் காட்டி, அந்த இனத்துக்கும் அது வந்த ஆசிய மண்ணுக்கும் ஒரு கேலிச்சித்திரத்தை ஒட்டிவைத்திருந்தது. பத்தே ஆண்டில் அதே இனப் பூனையை ஊரே கொஞ்சும் நாயகனாக்கியது. எனக்கு இது ஒரு பிராயச்சித்தமாகவே படுகிறது. திரையில் ஒரே பூனையாகத் தெரிந்தாலும் படப்பிடிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் நடித்தன. நாயைப்போல் பூனை எஜமானரின் பாராட்டுக்காக உழைக்காது. சினிமாவில் அதைப் பழக்குவது பெரும்பாலும் தீனியை வைத்துத்தான். ஒரு ஒலி எழுப்பினால் இன்ன இடத்தில் ருசியாக ஏதோ கிடைக்கும் என்று திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுப்பார்கள். ஒன்று நன்றாக நடக்கும், ஒன்று மடியில் அசையாமல் இருக்கும். சயாமியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளையாகப் பிறக்கும் குட்டிக்கு, உடலில் குளிர்ச்சியான பாகங்களான முகம், காது, கால், வாலில் மட்டும் நிறம் ஏறும். வயதாக ஆகக் கருமை கூடும். சாயல் ஒத்துப்போகும் பூனைகளைத் தேர்ந்தெடுத்தால்தான் ஆள்மாறாட்டம் பார்வையாளர் கண்ணில் படாது.

முக்கியமாக நடித்த பூனையின் பெயர் சின். 1963-இல் 'த இன்கிரெடிபிள் ஜர்னி'யில் இரண்டு நாய்களோடு கனடாவின் காடுகளைக் கடந்து வீடு தேடிப் போனதும் அதுதான். திரை விலங்குகளுக்கென்று அமெரிக்காவில் வழங்கப்பட்டுவந்த பாட்ஸி விருது டி.சி. வேடத்துக்காக அதற்குக் கிடைத்தது. தங்கையாக நடித்த ஹேலி மில்ஸுக்கு, 'பாலியானா'வில் தொடங்கி டிஸ்னியில் நடித்த ஆறு படங்களில் இது ஆறாவது. டீன் ஜோன்ஸுக்கோ அங்கே இது முதல் படம். 1968-இல் அதே ஸ்டீவன்சன் இயக்கத்தில் 'த லவ் பக்'கில் ஒரு குட்டிக் காரோடு மல்லுக்கட்டியவரும் இவரே.

1997-இல் கிறிஸ்டினா ரிச்சியை வைத்து இதையே மறுபடி எடுத்தார்கள். டீன் ஜோன்ஸ் அதில் வேறொரு வேடத்தில் தலைகாட்டினார். பரபரப்பு அதிகம், சத்தம் அதிகம். பழைய படத்திலோ பூனை நின்றால் கேமராவும் நிற்கும், அது தலை திருப்பும்வரை காத்திருக்கும். குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்கள் 1965-ஐத் தேடிப் பிடியுங்கள். பணயக்கைதி வரும் காட்சிகளில் சிறுசுகள் கொஞ்சம் பயப்படலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தொடக்கப் பாட்டைத் தள்ளிவிட வேண்டாம். ஷெர்மன் சகோதரர்கள் எழுதி பாபி டாரின் பாடியது அது. டி.சி. எந்தச் சந்தில் நுழையும், எந்தச் சுவரில் ஏறும் என்பதையெல்லாம் அந்தப் பாட்டு ஓடும்போதே படம் காட்டிவிடுகிறது.