உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு ஜெபம்

சென்னிமலை என்றதும் கைத்தறிப் போர்வை நினைவுக்கு வரும். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று பக்தர்கள் போற்றுவதும் நினைவுக்கு வரும். வாசல் தெளித்துக்கொண்டே கவசம் சொல்லும் தாய்மார்களுக்குப் புத்தகம் எதற்கு? கேட்டுக் கேட்டே மனப்பாடம்! கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் பரவியதும் இப்படித்தான்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, நெட்டுருப் போட்டார். மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அனுப்பினார். பிள்ளைகளே குருமார் ஆனார்கள்! 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலும் இத்தகைய ஜெபங்களையே சுமந்து வந்தது.

"வேலை ஓயட்டும், பிறகு ஜெபிக்கலாம்" என்றிருந்தால், எந்த வீட்டில் வேலை ஓய்கிறது? "எங்களுக்கும் ஜெபிக்கக் கற்றுக் கொடும்" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு சொல்லிக் கொடுத்த பரமண்டல ஜெபம் மிகச் சிறியது. உலை கொதிக்கும் நேரமே அதற்குப் போதும். அன்றன்றைய ஆகாரத்தைக்கூட அதில் கேட்கலாம்.

ஆனால், ஓரிடம் கடினம். நம் பிழையை மன்னிக்கக் கேட்கும்போதே, பிறர் பிழையை நாம் மன்னிப்பதாகவும் சொல்ல வேண்டும். காலையில் நாத்தனாரோடு மனத்தாங்கல் என்றால், மாலையில் அந்த இடத்தில் நாக்குத் தயங்கும் அல்லவா? வார்த்தைகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், சகோதரிகளே! அந்தத் தயக்கத்தைத் தாண்டத்தான் தினந்தோறும் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.