புதரில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்!



மலர்க்குழு நண்பன் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைத்தான் தினமும் கிளாஸ்ல கேக்கறோமே, வேற ஏதாவது உருப்படியா எழுதுடா" என்று போய்விட்டான். உருப்படியானது என்றால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கடந்த டிசம்பரில் சர்வே கேம்ப் போய் வந்தபின் எங்கள் ஹாஸ்டல் அறையில் நடந்தது. அடுத்த ஆண்டு கேம்ப் போகப்போகும் தம்பி, தங்கைகள் இதை ஒருமுறை படித்துவிட்டு மூட்டை கட்டினால் போதும். எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.

கேம்பில் இரண்டு கடி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஏழு நாள் கேம்ப். எங்கள் பேட்சில் என் ரூம்மேட்டும் இருந்தான். லெவலிங் ஸ்டாஃபை ஆடாமல் அசையாமல் பிடிப்பதில் கில்லாடி. அதனால் அவனுக்கு 'ஸ்டாஃப்' என்றே பெயர். (நம் ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்கவும்!) இந்தக் கட்டுரையிலும் அவனை அப்படியே அழைக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை குளிக்கும்போது என் முழங்காலுக்குப் பின்புறம் மிளகு போல ஏதோ ஒட்டியிருந்தது. தட்டினால் விழவில்லை. உற்றுப் பார்த்தால் கால்கள் ஆடுகின்றன! ஆடு மேயும் இடத்தில் உட்கார்ந்ததில் ஏறிய உண்ணி. நான் போட்ட கூச்சலில் கேம்பே கூடிவிட்டது. ஒருவன் மண்ணெண்ணெய் ஊற்று என்றான். ஒருவன் சுண்ணாம்பு என்றான். கடைசியில் காவல்கார அண்ணன் பீடி நெருப்பை வைத்து அதைச் சுட்டார். உண்ணியோடு என் தோலும் சேர்ந்து வெந்தது. ஒரு வாரம் கொப்புளத்தோடு நொண்டினேன்.

அதே கேம்பில் ஸ்டாஃபையும் ஒன்று கடித்திருக்கிறது. ஆனால் அது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. மதியம் சாப்பிட்டதும் புல்லில் துண்டு விரித்துப் படுத்துத் தூங்குவான். கடித்தது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

கேம்ப் முடிந்து எட்டாம் நாள் இரவு, பெல்ட் போடும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கைக் காட்டி, "டேய், பெல்ட் உரசிடுச்சு போலடா" என்றான். "வலிக்குதா?" என்றேன். "இல்லடா" என்றான். "அப்ப விடு, மஞ்சள் வை, சரியாயிடும்" என்று நான் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல்.

ஏழு நாள் காய்ச்சல்

முதல் இரண்டு நாள் பாராசிட்டமால். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். தினமும் ஊசி. காய்ச்சல் இறங்கவில்லை. தலைவலி தாங்காமல் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண் இரண்டும் சிவந்துவிட்டது. ஊரிலிருந்து அவன் அம்மா வந்தார். செலவுக்குக் காதில் இருந்தது அடகுக்குப் போனது.

ஏழாம் நாள் இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வார்டன் சார் 108-க்குப் போன் செய்தார். அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, கடைசி மூணு வாரத்துல இவர் காடு, புதர், வயக்காடு பக்கம் எங்கேயாவது போனாரா?"

நான் கேம்ப் என்றேன். உடனே நர்ஸ் அக்காவை அழைத்து, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு என்று ஒவ்வொரு இடமாக டார்ச் அடித்துப் பார்த்தார். பெல்ட் இடத்தில் டார்ச் நின்றது. "இதோ இருக்கு பாருங்க. ஸ்க்ரப் டைபஸ். இதை யாரும் பார்க்கலையா?"

நான் பார்த்திருந்தேன். மஞ்சள் வைக்கச் சொல்லியிருந்தேன். அதை அந்த இடத்தில் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்று இங்கே எழுதுகிறேன்.

பெயரில் ஒரு குழப்பம்

ஸ்க்ரப் டைபஸை நம் ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். இதைக் கேட்டதும் மாட்டில், நாயில் தொங்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். உண்மையில் இதைப் பரப்புவது அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றின் குட்டி. தாய்ப் பூச்சி மண்ணில் வாழ்கிறது, மனிதனைக் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குட்டிக்கு மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு வேளை உயிருள்ள பிராணியின் உணவு தேவை. வழக்கமாக எலியின் மீது ஏறும். அந்த நேரத்தில் அங்கே நாம் படுத்திருந்தால் நம் மீது!

அதன் அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். நம் லெவலிங் ஸ்டாஃபில் மிகச் சிறிய பிரிவு 5 மில்லிமீட்டர். அந்த ஒரு பிரிவுக்குள் இருபத்தைந்து பூச்சிகள் வரிசையாக நிற்கலாம். எப்படிக் கண்ணில் படும்? கடித்தாலும் வலிக்காது. அரிசிமணி போல உப்பிய உண்ணியைப் பார்த்து நான் அலறினேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. கண்ணில் படாததுதான் ஸ்டாஃபை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்தது.

நோய்க்கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுசுகாமுஷி. ஜப்பானியப் பெயர். 'முஷி' என்றால் பூச்சி. தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குட்டிக்கும் கிருமி போய்விடும். ஆகவே பிறக்கும்போதே ஆயுதத்தோடு பிறக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் சண்டையிட்ட படைவீரர்கள் பலரை இந்தக் காய்ச்சல் சாய்த்தது. 1948-ல் மலேயாவில் குளோராம்பெனிகால் மருந்து இதைக் குணப்படுத்தும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் இதற்கென்று நன்கு பலன் தரும் மருந்து கிடையாது.

தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இது அதிகம். நம் கேம்பும் சரியாக அப்போதுதான்!

அந்தக் கறுப்புப் பொருக்கு

கடிபட்டு ஆறு நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் வரும். பலருக்குப் பத்து நாள் வாக்கில். கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம், பிறகு நடுவில் கறுத்துச் சுற்றிலும் சிவந்த ஒரு பொருக்கு. சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். வலி, அரிப்பு இல்லாததால் அதை யாரும் தேடுவதில்லை. இருக்கும் இடமும் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, முழங்காலின் பின்புறம், பெண்களுக்கு மார்பின் கீழ். வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் விடுவதும் உண்டு. தயவுசெய்து வெட்கப்படாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, நெறிகட்டுதல் இருந்து, மூன்று வாரத்துக்குள் புதர்ப் பக்கம் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அத்தனை ஊசி போட்டும் ஏன் கேட்கவில்லை?

இதை நானே டாக்டரிடம் கேட்டேன். டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. பெயர் ஒற்றுமை மட்டும்தான். டைபாய்டுக்குப் போட்ட ஊசி கிருமியின் வெளிச்சுவரை உடைக்கும் வகை. இந்தக் கிருமியோ ரத்தக்குழாயின் உட்பூச்சாக இருக்கும் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. அந்த ஊசிக்கு அது அடங்காது.

நம் பாஷையில் சொன்னால், கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும்போது வெளியே பெயிண்ட் அடித்து என்ன பயன்? உட்பூச்சு கெட்டால் ரத்தக்குழாய் கசியும். நுரையீரலில் நீர் கோர்க்கும். சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் சரியான மருந்து இல்லாமல் போனால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும்.

செல்லுக்குள் புகுந்து கிருமியைத் தடுக்கும் மருந்து டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், தினம் இருவேளை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. ஸ்டாஃபுக்கும் இரண்டும் சேர்த்தே கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஆரம்ப நாட்களில் பரிசோதனை 'இல்லை' என்று காட்டுவதும் உண்டாம். நாலு நாள் ஆக்ஸிஜன். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் சில ரூபாய் மாத்திரையோடு முடிந்திருக்கும். டாக்டர் எழுதித் தரும் சாதாரண மாத்திரை அது. அதற்காக நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

நிஜ உண்ணி கடித்தால்?

என்னைக் கடித்த உண்ணியும் அப்பாவி என்று சொல்ல முடியாது. நாயுண்ணி மூலம் இன்னொரு வகை டைபஸ் நம் நாட்டில் பரவுகிறது. அதில் காய்ச்சலோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். அதற்கும் டாக்சிசைக்ளின்தான். மெஸ் பின்னால் படுத்திருக்கும் நம் 'மணி'யைக் கொஞ்சுகிறவர்கள் கவனிக்கவும்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறொரு ஆபத்து உண்டு. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியுள்ள கிராமத்தாருக்கும் கடும் காய்ச்சல், சிலருக்கு ரத்தக்கசிவு. காரணம் காட்டு உண்ணி பரப்பும் ஒரு வைரஸ். கியாசனூர் காட்டு நோய் என்று பெயரிட்டார்கள். மக்கள் சொல்வது 'குரங்குக் காய்ச்சல்'. பின்னர் இது கேரளத்தின் வயநாட்டிலும், நம் நீலகிரிப் பக்கம் முதுமலைக் குரங்குகளிடமும் காணப்பட்டது. இது வைரஸ் என்பதால் டாக்சிசைக்ளின் கேட்காது. காட்டில் செத்த குரங்கைக் கண்டால் அருகில் போகாதீர்கள். வனத்துறைக்கோ சுகாதாரத்துறைக்கோ சொல்லுங்கள்.

உண்ணியை எடுக்கும் முறை இதுதான். கூரான முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடிக்கவும். முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேர் மேலே இழுக்கவும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவவும். விரலால் நசுக்கக் கூடாது. பீடி, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவற்றால் எரிச்சலடைந்த உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நம் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். எனக்கு நடந்த 'வைத்தியம்' இரட்டைத் தவறு!

கேம்ப் போகிறவர்களுக்கு

1. முழுக்கால் பேண்ட், முழுக்கை சட்டை, ஷூ. பேண்ட் முனையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். பார்க்க ஜோக்கர் மாதிரி இருக்கும். பரவாயில்லை!

2. புல்லில் நேரடியாக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். துண்டு போதாது, தார்ப்பாய் விரியுங்கள். துவைத்த துணியைப் புதர் மீது காயப் போடாதீர்கள்.

3. டீட் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பைக் கை, கால், கணுக்காலில் தடவுங்கள்.

4. மாலையில் திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். அன்று போட்ட துணியை மறுநாள் துவைக்காமல் போடாதீர்கள்.

5. குளிக்கும்போது மறைவிடங்களையும் பாருங்கள். ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில் ஒரு சாமணம் வையுங்கள்.

6. எல்லாவற்றுக்கும் மேல் இது: திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "சார், நான் கேம்ப் போயிருந்தேன். புதர்க்காட்டில் வேலை செய்தேன். உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா என்று பாருங்கள்."

நிறைவாக…

ஸ்டாஃப் பிழைத்துவிட்டான். அரைக் கிலோ அல்வாவை ஒரே ஆளாகச் சாப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் அவன் ஐ.சி.யூ.வில் இருந்த வாரத்தில்தான் கேம்பஸ் இன்டர்வியூ நடந்தது. எங்கள் வகுப்பில் எட்டுப் பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. என்னைவிட இருபது மதிப்பெண் அதிகம் வாங்குகிறவன் அவன். அவன் அம்மாவின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

"விடுடா, உனக்கு என்ன தெரியும்" என்று அவன் சொல்லிவிட்டான். உண்மைதான், அன்று எனக்குத் தெரியாது. இதைப் படித்த உங்களுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை. உங்கள் ரூம்மேட் காய்ச்சலோடு படுத்திருந்தால், கறுப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருமுன் காப்போம்! வந்தால் மறைக்காமல் சொல்வோம்!

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு