மீனும் நிறமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழிக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை என்னும் பழைய துறைமுகப் பட்டினம் உள்ளது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கின்றது. பவளப் பாறைகளிடையே கடற்சாமந்தியோடு உறவாடி வாழும் கோமாளி மீனை, அம்மையத்து அறிஞர் கழிமுக நீரைக்கொண்டே வளர்த்து இனம் பெருக்கிக் காட்டியுள்ளனர். அழகு மீன் வாணிகத்திற்காகப் பாறைகளை வறிதாக்காமல் இருக்க இஃது ஒரு வழி.

செம்மஞ்சள் மேனியும் வெண்பட்டைகளும் உடைய அம்மீனுக்கு அந்நிறம் எங்கிருந்து வந்தது? உணவுக்கும் இதில் பங்குண்டு. செம்மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு என்னும் பொருள்களை மீன் தானே ஆக்கிக்கொள்வதில்லை. உண்ணும் இரையிலிருந்தே பெறுகின்றது. அவ்விரை குறையின் மேனி வெளிறும். ஆயினும், கோமாளி மீனின் இரையையே நாளும் ஊட்டினாலும் கெண்டைக்கு வெண்பட்டை தோன்றுமோ? தோன்றாது. எந்நிறம் எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதை வகுப்பது மரபேயாகும்.

மீனின் தோலில் நிற அணுக்கள் பல வகை. ஒரு வகை கருமை தரும். மற்றொரு வகை மஞ்சளும் சிவப்பும் தரும். இன்னொரு வகையிலோ சாயமே இல்லை. அதிலுள்ள நுண்ணிய படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெண்மையும் நீலமும் வெள்ளிப் பொலிவும் தோன்றுகின்றன. பெரும்பாலான நீல மீன்களில் நீலச் சாயம் துளியும் இல்லை என்பது வியப்பன்றோ!

நம் நாட்டுக் கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமையும் உலகில் உண்டு. அச்சாயம் நாளடைவில் மங்கும். குஞ்சுகளுக்கு ஒருபோதும் செல்லாது.

மரபால் வரும் நிறத்தின் இயல்பை வரிக்குதிரை மீன் நன்கு விளக்கும். வட இந்திய ஆறுகளில் வாழும் இச்சிறு மீனை 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் நூலில் விவரித்தார். இதன் உடலில் கருநீல வரிகள் ஓடும். வரிகள் வெளிறிய பொன்னிற வகை ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்தால் பிறக்கும் குஞ்சுகள் யாவும் கருவரி உடையனவே. பொன்னிறம் அழிந்தொழிந்ததோ? இல்லை. அக்குஞ்சுகளைத் தம்முள் இணைத்தால் ஏறத்தாழ நான்கில் ஒன்று பொன்னிறமாய்ப் பிறக்கும். தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக மரபணு இரட்டையாய் வருகின்றது. கருமையின் மரபணு ஒன்று இருப்பினும் பொன்னிறம் மறைந்திருக்கும். மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியைக்கொண்டு வெளியிட்ட நெறியும் இதுவே.

2005-இல் அமெரிக்க ஆய்வாளர் அம்மரபணுவைக் கண்டறிந்தனர். மக்கள் உடலிலும் அதற்கு ஒத்த மரபணு உண்டு. அதன் செய்தியைப் பொன்னிற மீனின் கருவில் செலுத்தியபோது கருமை மீண்டது! மக்களின் அம்மரபணு ஆக்கும் புரதத்தில், 111-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறுபடின் தோல் வெளுக்கின்றது. ஐரோப்பியர் ஏறத்தாழ அனைவரிடமும் அம்மாற்றம் உள்ளது. தமிழ் மக்களிடையே இரு வடிவும் உள்ளன. ஒரு தாய் வயிற்று மக்களுள் ஒருவர் கறுத்தும் ஒருவர் வெளுத்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு மரபணுக்களும் இதில் பங்கு கொள்கின்றன.

கருவுற்ற மகளிர் பாலில் குங்குமப்பூ கலந்து பருகினால் பிள்ளை வெளுப்பாய்ப் பிறக்கும் என்பார் இன்றும் உளர். பிள்ளையின் மரபணுக்கள் கருத்தரித்த அன்றே அமைந்துவிடுகின்றன; குங்குமப்பூ பாலின் நிறத்தை மட்டுமே மாற்றும்.