கப்பலுக்கு வட்ட ஜன்னல் ஏன்?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே இருக்கிறது தூத்துக்குடி. அது திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த காலம். 1907-இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களை இங்கிருந்து கொழும்புக்கு ஓட்டியது. அந்நாளைய கப்பல்களில் ஏ.சி. ஏது? கீழ்த்தட்டு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் பக்கச்சுவரில் இருந்த வட்ட ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். மாலுமிகள் அதைப் ‘போர்ட்ஹோல்’ என்பார்கள். ஓடும் கப்பலில் காற்றை உள்ளே திருப்ப, அதன் வழியே வளைந்த தகடு ஒன்றை வெளியே நீட்டி வைப்பதும் உண்டு.

சரி, வட்டம் எதற்கு?

அலை ஏறி இறங்கும்போது கப்பலின் உடல் முழுவதும் வளைந்து நிமிர்கிறது. பக்கத் தகடுகள் ஒரு கணம் இழுபடும், மறுகணம் நெருக்குப்படும். தகட்டில் ஓட்டை இருந்தால் விசை அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விளிம்பில் போய்க் குவியும். அகலமான தகட்டை ஒரே திசையில் இழுத்தால், வட்டத் துளையின் விளிம்பில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை, மூன்று மடங்காகும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத்துக்கே இந்தப் பாடு! கூர்மூலை என்றால் இன்னும் பல மடங்கு. சட்டையில் கத்தரித்த இடம் மூலையிலிருந்து கிழிவதைப் போலத்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றில் சரக்கறை வாயின் சதுர மூலைகளில் விரிசல் தொடங்கியது. இன்றும் மேல்தளத்தில் செவ்வக ஜன்னல் வைத்தாலும் மூலைகளை வளைத்தே வெட்டுகிறார்கள்.

கண்ணாடி தடிப்பானது, உறுதியேற்றப்பட்டது. உள்பக்கம் கீல் போட்ட ஓர் இரும்பு மூடியும் இருக்கும். புயலில் அதை இறக்கித் திருகிவிட்டால், கண்ணாடி உடைந்தாலும் கடல் உள்ளே வராது.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1916 நவம்பர் 21 காட்டியது. டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக், மருத்துவமனைக் கப்பலாகக் கிரேக்கக் கடலில் போய்க்கொண்டிருந்தது. அறைகளுக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கண்ணிவெடி தாக்கி முன்பக்கம் தாழ்ந்தபோது, கடல் அந்த ஜன்னல்கள் வழியாகவும் புகுந்தது. அவ்வளவு பெரிய கப்பல் 55 நிமிடத்தில் மூழ்கியது. 30 பேர் மாண்டார்கள்.

இன்று சர்வதேச விதி கண்டிப்பானது. கோடையில் கப்பல் அதிகபட்சமாக அமிழலாம் என்று குறித்த கோடைச் சுமைக்கோட்டுக்கு மேல் 500 மில்லிமீட்டர் அல்லது கப்பல் அகலத்தில் 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அந்த உயரத்துக்குக் கீழே ஜன்னலின் அடிவிளிம்பு வரக்கூடாது. நீர்மட்டத்தை ஒட்டிய ஜன்னல்களைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே மூடிப் பூட்டி, பூட்டிய நேரத்தைக் கப்பலின் பதிவேட்டில் எழுத வேண்டும்.