வாடகைக்கு ஒரு கூட்ஸ் பெட்டி!

பொம்மை ரயில் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? ஸாரி சார்! அமெரிக்காவில் பேரன், பேத்தி எடுத்தவர்களெல்லாம் வீட்டு பேஸ்மென்ட்டில் தண்டவாளம் போட்டு ரயில் விடுகிறார்கள். இன்ஜினைவிடப் பின்னால் வரும் கூட்ஸ் பெட்டிக்குத்தான் சண்டை அதிகம். 'கூரை மேலே நடைபலகை வைக்கிற வழக்கம் 1966-க்கு அப்புறம் வந்த புதுப் பெட்டிகளில் கிடையாதே, நீ எப்படி வைத்தாய்?' என்கிற ரேஞ்சில்!

அங்கே ரொம்பப் பிரபலம் ஹெச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 50 அடி நீளமுள்ள 'பாக்ஸ்கார்' - அதாவது கூரையும் கதவும் உள்ள மூடின கூட்ஸ் பெட்டி - பதினேழரை சென்டிமீட்டராகச் சுருங்கி, ஆபீஸ் மேஜை டிராயரில் தாராளமாகப் படுத்துக் கொள்ளும். பக்கவாட்டில் கடுகு சைஸில் எழுத்துக்கள். சொந்தக்காரரின் சுருக்கப் பெயர், நம்பர், வெறும் எடை, ஏற்றக்கூடிய எடை, கட்டின மாசம், வருஷம். நான் பி.காம். பார்ட்டி. எனக்கு அது லெட்ஜரில் ஒரு பக்கமாகத்தான் தெரிகிறது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ரயில் என்பது ஏகப்பட்ட தனியார் கம்பெனிகள். சரக்கு போகிற ஊர் வரைக்கும் ஒரே கம்பெனி லைன் இருக்காது. எனவே ஒருத்தர் பெட்டி இன்னொருத்தர் தண்டவாளத்தில் ஓடும். சும்மாவா? தினப்படி வாடகை! அந்தக் காலக் கணக்கு என்ன தெரியுமோ? ராத்திரி 12 மணிக்குப் பெட்டி யார் லைனில் நிற்கிறதோ, அவர் தலையில் ஒரு நாள் வாடகை. பதினொன்றரைக்கே பக்கத்துக் கம்பெனி எல்லைக்குள் தள்ளிவிட்டால்..? சாமர்த்தியம்!

ஆனால் வாடகை ரொம்பக் குறைச்சல். புதுசாக வாங்கிப் போடுவதைவிட அடுத்தவன் பெட்டியை வைத்துக் கொள்வதே லாபம். எல்லாருமே இப்படி நினைத்தால் என்னாகும்? அறுவடை சமயத்தில் தானியம் குவிந்து கிடக்கும். ஏற்றப் பெட்டி இருக்காது.

அப்போது ரயில்களை மேய்த்துக் கொண்டிருந்த இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன் 1970-ல் ஒரு யோசனை பண்ணியது. சாதா பாக்ஸ்காருக்கு வாடகையோடு ஓர் ஊக்கத் தொகையும் கொடு. கிடைக்கிற அந்தக் கூடுதல் பணத்தில் புதுப் பெட்டி வாங்கு. போதாக்குறைக்கு, முதலீடு செய்தால் வருமான வரியில் சலுகை வேறு.

இதை மோப்பம் பிடித்தவர்கள் பணக்கார முதலீட்டாளர்களும் குத்தகைக் கம்பெனிகளும். குட்டிக் குட்டி ரயில்வேக்களைப் பிடித்து, அவற்றின் பெயரில் பளபளவென்று கலர் கலராகப் பெட்டிகளை இறக்கினார்கள். தெற்கு கரோலினாவில் பிக்கன்ஸ் ரயில்வே என்று ஒன்று. மொத்த லைனே பத்து மைலுக்குள். அதன் பெயர் போட்ட பெட்டிகள் நாடு பூராவும் சுற்றின. பெட்டி வீடு திரும்பாமல் இருந்தால்தானே வாடகை வரும்!

பெரிய கம்பெனிகளும் சும்மா இல்லை. 1974-ல் கூட்டாக 'ரெயில்பாக்ஸ்' ஆரம்பித்து, யார் வேண்டுமானாலும் சரக்கேற்றலாம் என்று மஞ்சள் பெட்டிகளை ஓடவிட்டார்கள்.

அப்புறம் வந்தது வினை. 1980-ல் வியாபார மந்தம். அதே வருஷம் அக்டோபரில் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து, ரயில் கம்பெனிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன. சரக்கே இல்லாதபோது அடுத்தவன் பெட்டிக்கு எவன் வாடகை கொடுப்பான்? 'வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிட்டார்கள். வீடு எங்கே இருக்கிறது? பத்து மைல் தண்டவாளத்தில், கொக்கி இடைவெளியோடு நிறுத்தினால், 50 அடிப் பெட்டி ஆயிரம்கூடக் கொள்ளாது. அப்புறம் ரயில் எப்படி ஓடும்?

நிறையப் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. வாங்கினவர்கள் முழுசாகப் பெயின்ட் அடிக்கக்கூடச் செலவு பண்ணவில்லை. பழைய பெயர் மேல் ஒரு பட்டை, அதன் மேல் புது எழுத்து. முடிந்தது கதை. இன்றைக்கு மாடல்காரர்கள் ராப்பகலாகக் கண்விழித்து, சின்ன பிரஷ்ஷால் வரைவது அந்தப் பட்டையைத்தான். வெளுத்த கலர், வழிகிற துரு உள்பட!

நிஜப் பெட்டிகளுக்கும் நம்மை மாதிரி ரிடையர்மென்ட் உண்டு. 1974 ஜூலையிலிருந்து கட்டினவற்றுக்குப் பொதுவாக 50 வருஷம். அதற்கு மேல் மற்றக் கம்பெனி லைனில் ஓட முடியாது. 1978-ல் பிறந்தது 2028-ல் ஓய்வு. இன்ஸ்பெக்‌ஷனில் பாஸானால் எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய இரும்புதான். கொஞ்ச வருஷத்தில் அந்தக் கலர்களை பேஸ்மென்ட் தண்டவாளத்தில்தான் பார்க்க முடியும்.

ஒன்று மட்டும் சொல்லிக் கொள்கிறேன். மார்ச் மாசம் பிறந்ததும், 'இதில் பணம் போடுங்க சார், வரி மிச்சம்' என்று யாராவது உங்கள் மேஜைக்கு வருவார்கள். மிச்சம் எவ்வளவு என்று அப்புறம் கேட்டுக் கொள்ளலாம். பெட்டிக்குச் சரக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்!