பூனை துரத்திய நாய்

இரண்டு படங்களைப் பிள்ளைகள் முன் வைத்து, "நாயைப் பூனை துரத்திற்று; எது அந்தப் படம்?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் சரியானதைத் தொட்டுவிட, ஒருத்தி மட்டும், காது நன்றாகக் கேட்டும், பல்லாங்குழியில் எவருக்கும் சளைக்காத புத்தி படைத்திருந்தும், முதலில் செவியில் விழுந்த நாயே துரத்துவதாகக் கொண்டு இத்தகைய கேள்விகளில் திரும்பத் திரும்பத் தவறுவாளானால், அவளிடம் நழுவுவது அறிவன்று. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு.

உச்சரிப்புக் குழறல் வேறு. சொற்களைக் கோத்துப் பொருள் கொள்வதிலும் சொல்வதிலும் நேரும் இச்சிரமம் வேறு. இதற்கு 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்னும் பெயரை ஆங்கிலம் பேசும் தேசங்களின் நிபுணர்கள் 2017-இல் பெரும்பாலோரின் இணக்கத்துடன் வகுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, நூறு சிறார்களில் ஏழெட்டுப் பேரிடம், வேறு நோய்க்காரணம் எதுவுமின்றியே, இக்குறையைக் கண்டது.

களமருதூர்ப் பக்கத்தில் பேச்சு வராத குழந்தைக்கு வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிவிட்டு, "இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். இக்குறை வம்சத்தில் தொடர்வதுண்டாகையால், அந்த ஆறுதல் வார்த்தையே ஓர் எச்சரிக்கை என்பதை நாம் உணர்வதில்லை. காத்திருந்த குழந்தை வகுப்பில் 'மக்கு' என்ற பட்டத்தைச் சுமக்கிறது.

ஆயினும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிச் சமவெளிப் பள்ளியில் சேர்ந்த மலையாளிப் பழங்குடிச் சிறுவன் மௌனமாயிருந்தால், அதைக் குறையென்று தீர்ப்பளிப்பது அநியாயம். தன் தாயிடம் மலைப்பேச்சில் தேனெடுத்த கதையை அவன் தங்குதடையின்றிச் சொல்வானாகில், குறை அவனிடமில்லை. மெய்யான குறை வீட்டுப்பேச்சிலும் தலைகாட்டும்.

இரண்டு வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவிப் பரிசோதனை அவசியம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது, மொழித் தாமதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதோ எளிது. "அப்பா கடை" என்று குழந்தை சொன்னால், திருத்தாமலும் பரிகசிக்காமலும், "ஆமாம், அப்பா கடைக்குப் போனார்" என்று நிறைவாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். உபாத்தியாயரும் நீண்ட வாக்கியத்தை இரண்டாக்கட்டும்: "பூனை துரத்துது. யாரை? நாயை." அந்த 'ஐ'யைச் சற்றே அழுத்திச் சொல்ல அவருக்கு ஒரு விநாடி போதும், அது அந்தச் சிறுமியிடம் வந்து சேரப் பல மாதங்கள் பிடிக்கலாம்.