சென்னையில் ஒயினோடு ஒரு டின்னர்: இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் கல்யாண நாள். கூகுளில் 4.5 ரேட்டிங், மரத்தடியில் மஞ்சள் விளக்கு, இன்ஸ்டாகிராமில் அசத்தலான படங்கள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் அப்படி ஓர் உணவகத்தில் டேபிள் புக் பண்ணி, போய் உட்கார்ந்து, “ஒயின் லிஸ்ட் கொடுங்க” என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “சாரி சார், இங்க லிக்கர் கிடையாது. ஃப்ரெஷ் லைம் சோடா சொல்லட்டுமா?”

பெங்களூருவில் ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு சென்னைக்குத் திரும்பியவர்களுக்கு இது முதலில் புரியாது. இந்திராநகரில் சாதாரண இத்தாலியன் உணவகத்தில்கூட கிளாஸ் கணக்கில் ஒயின் கிடைக்கிறதே, இங்கே மட்டும் என்ன? உணவகத்தின் மீது தவறில்லை. விதி அப்படி.

யாருக்கு உரிமம்?

தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமங்கள் 1981ஆம் ஆண்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி தரப்படுகின்றன. அதில் எஃப்.எல்.2 என்பது கிளப்களுக்கு, எஃப்.எல்.3 என்பது நட்சத்திர ஹோட்டல்களுக்கு. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். ஹோட்டல் எதனோடும் ஒட்டாமல் தனியாக நடக்கும் உணவகத்துக்கு இந்தக் கட்டத்தில் இடமே இல்லை. கர்நாடகத்தில் சி.எல்.9 என்ற உரிமம் தனி உணவகங்களுக்கும் கிடைக்கிறது. இரண்டு ஊர்களின் இரவு உணவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது.

ஆகவே சென்னையில் நல்ல ஒயினோடு சாப்பிட வேண்டும் என்றால் தேடலை நட்சத்திர ஹோட்டல்களோடு தொடங்குவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். இன்னொரு வழி, ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம் ஓட்டிப் புதுச்சேரி போவது. யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே கலால் விதிகள் வேறு. பிரெஞ்சு வீதிகளில் பழைய வீடுகளின் முற்றத்தில் நடக்கும் உணவகங்களில் ஒயின் கிடைக்கும். மீதமான பாட்டிலைக் காரில் போட்டுக்கொண்டு திரும்பும் யோசனை மட்டும் வேண்டாம். சோதனைச் சாவடியில் கல்யாண நாள் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், காலண்டர். திருவள்ளுவர் தினம், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே 1, மிலாது நபி, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் டாஸ்மாக் மட்டுமல்ல, ஹோட்டல் பார்களும் மூடியிருக்கும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும், வாக்கு எண்ணும் நாளும் இதோடு சேரும். பொங்கல் லீவில் ஊரிலிருந்து வரும் நண்பருக்காக ஐந்து நட்சத்திர ஹோட்டலில் புக் பண்ணிவிட்டு அங்கே மாதுளை ஜூஸ் குடித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பரிமாற மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் சாப்பாடு, பிறகு ஒயின்

நினைவில் நிற்கும் டின்னர் என்றால் கூரைமேல் உணவகம், நீச்சல் குளம், லைவ் பேண்ட் என்று பலர் தேடுகிறார்கள். ஆனால் பேண்ட் பக்கத்தில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழாது. சென்னை மே மாதத்தில் கூரைமேல் உட்கார்ந்தால் வெள்ளை ஒயின் பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். சமையல் வேறெங்கும் கிடைக்காததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் இருக்கும் அவர்தனா இதற்கு நல்ல உதாரணம். 2017இல் தொடங்கிய இந்த உணவகம் தென்னிந்தியச் சமையலைச் சின்னச் சின்ன கோர்ஸ்களாகப் பிரித்துப் பரிமாறுகிறது. தெளிந்த தக்காளி ரசத்தை காபி போடும் பிரெஞ்சு பிரஸ்ஸில் மூலிகைகளோடு ஊறவைத்துக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுவது அங்கே பிரபலம். ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2024இல் 44ஆவது இடம், 2025இல் 30ஆவது இடம். “ரசத்துக்கா இவ்வளவு?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு முறை போய் வந்தவர்கள் பேசுவதும் அந்த ரசத்தைப் பற்றியேதான்.

இவ்வளவு புதுமை வேண்டாம், அம்மா அப்பாவும் வருகிறார்கள் என்றால் நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலின் சதர்ன் ஸ்பைஸ் போன்ற இடம் பொருத்தம். தென் மாநிலங்களின் சமையல், பெரியவர்களுக்குப் பெயர் தெரிந்த பதார்த்தங்கள். மேசையில் ஒருவர் குடிப்பார், மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்பதுதான் நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களின் நிலைமை. குடிக்காதவருக்கும் அந்த மாலை முழுமையாக இருக்க வேண்டும் என்றால் ஒயின் பட்டியலைவிட சமையலறைதான் முக்கியம்.

காரத்துக்கு எந்த ஒயின்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்பெஷல் டே என்றாலே ரெட் ஒயின் என்று மனதில் பதிந்திருக்கிறது. செட்டிநாடு கோழியோடு கெட்டியான கேபர்னே சாவினியோன் சொன்னால் இரண்டுமே கெடும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே முனைகளைத்தான் தூண்டுகிறது. ரெட் ஒயினில் இருக்கும் டானின் என்பது துவர்ப்பு. நாவல்பழம் சாப்பிட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுதான். காரமும் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயின் கசக்கும்.

கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு, குறைந்த ஆல்கஹால். நம் குழம்புகளுக்கு இந்த மூன்றும்தான் சேரும். லேசாக இனிக்கும் ரீஸ்லிங், செனின் பிளாங், அல்லது குமிழி வரும் ஸ்பார்க்ளிங் ஒயின். புளி தூக்கலான மீன் குழம்புக்கு ஒயினிலும் புளிப்பு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி இருக்கும். சாவினியோன் பிளாங் தாங்கும். ரெட்தான் வேண்டும் என்பவர்கள் துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் பக்கம் போகலாம். அல்லது பெஷாவரி போன்ற இடத்தில் தந்தூரி ஆட்டுக்கறியோடு கெட்டியான ரெட்டைச் சொல்லலாம். அங்கே மிளகாயைவிடப் புகையும் கொழுப்பும்தான் அதிகம்.

ரெட் ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’ குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி என்று பொருள். நம் ஊர் அறை 30 டிகிரி. பாட்டிலைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால், “கொஞ்ச நேரம் ஐஸ் பக்கெட்டில் வைங்க” என்று தயங்காமல் கேட்கலாம். ஒயின் தெரிந்த பணியாளர் உங்களை மதிப்பார்.

பட்டியலின் விலை ஏன் இப்படி?

இறக்குமதி ஒயினுக்கு மத்திய அரசின் சுங்கமும் விவசாய செஸ்ஸும் சேர்ந்து 150 சதவீதம் என்பதுதான் நீண்ட காலமாக இருக்கும் பொது விகிதம். அதன் மேல் மாநில வரிகள், ஹோட்டலின் லாபம். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்குப் படிப்படியான சலுகை உண்டு: 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 100 சதவீதத்தில் தொடங்கிப் பத்தாண்டுகளில் 50 ஆகும், 15 டாலருக்கு மேல் என்றால் 75இல் தொடங்கி 25 ஆகும்.

அதனால் இந்திய ஒயின் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நஷ்டம். நாசிக்கின் சுலா, பெங்களூரு அருகே நந்தி மலையடிவாரத்தின் குரோவர், சோலாப்பூர் மாவட்டத்தின் ஃபிராடெல்லி ஆகியவை சென்னை ஹோட்டல் பட்டியல்களில் அடிக்கடி வரும் பெயர்கள். இங்கே திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். இந்திய வெள்ளை ஒயின் பெரும்பாலும் இளசாகக் குடிக்க வேண்டியது. பாட்டிலில் நாலைந்து வருஷம் பழைய ஆண்டு போட்டிருந்தால் வேறு கேளுங்கள்.

பட்டியலில் இரண்டாவது மலிவான ஒயினில்தான் ஹோட்டல் அதிகம் சம்பாதிக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை உலவுகிறது. கஞ்சன் என்று தெரியாமல் இருக்க எல்லோரும் அதைத்தான் சொல்வார்களாம். லண்டன் உணவகங்களின் பட்டியல்களை ஆராய்ந்த டேவிட் டி மெசா, விக்ரம் பதானியா என்ற பொருளியலாளர்கள் அது உண்மையில்லை என்று கண்டார்கள். விலை ஏற்றம் உச்சத்தில் இருந்தது பட்டியலின் நடுப்பகுதியில். லண்டன் கணக்கு சென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது மலிவானதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இருவரில் ஒருவர் மட்டும் குடிப்பதாக இருந்தால் பாட்டில் வேண்டாம். 750 மில்லி பாட்டில் என்பது ஐந்து கிளாஸ். கிளாஸ் கணக்கில் வாங்கும்போது, “எப்போ ஓப்பன் பண்ணினது?” என்று கேட்பது உங்கள் உரிமை. மூன்று நாளுக்கு முன் திறந்தது என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

பாட்டில் சொன்னால் பணியாளர் லேபிளைக் காட்டி, துளி ஊற்றிக் காத்திருப்பார். சினிமாவில் வருவது மாதிரி கண்ணை மூடி ரசிக்க வேண்டியதில்லை. ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டது, திருப்பி அனுப்பலாம். “எனக்குப் பிடிக்கலை” என்பது காரணமாகாது.

பில்லைப் படியுங்கள்

சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். 5,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 250 ரூபாய் எங்கே, 900 ரூபாய் எங்கே! ஒயின் ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநில வாட் தனி வரியாக நிற்கும். பில்லில் இரண்டும் பிரித்துப் போட்டிருக்க வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணியாளர் நன்றாகக் கவனித்திருந்தால் டிப்ஸை அவர் கையில் கொடுப்பது நல்லது.

வீடு திரும்பும் ஏற்பாட்டையும் டேபிள் புக் பண்ணும்போதே முடித்துவிட வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரெண்டு கிளாஸ் ஒயினே பலரை அந்த எல்லைக்குக் கொண்டு போய்விடும். குடிக்காதவர் கையில் சாவி, இல்லாவிட்டால் கால் டாக்ஸி. கிராண்ட் சோழா என்றால் சின்னமலை மெட்ரோ பக்கம்தான். கடைசி ரயிலைப் பிடிக்க, டெசர்ட்டைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்ல வேண்டியிருக்கும்.